ஒரு பொருளின் கொடிவழி



ஒருமுறை நம் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தத்தம் குடும்பத்தின் கொடிவழியை எழுதி வரும்படி கூறினோம். மறுநாள் வந்த தாள்களில் பெரும்பாலானவை மூன்று படிகளோடு நின்றுவிட்டன. பிள்ளை, பெற்றோர், தாத்தா பாட்டி. அதற்கு மேலே வெறுந்தாள். "பாட்டிய கேட்டேன் சார், அவங்களுக்கே தெரியலையாம்" என்றான் ஒரு பையன். ஒரு சிறுமியின் தாள் மட்டும் ஐந்து படிகள் ஏறியிருந்தது. அவளுடைய பூட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். ஊர்ப்பெயரையும் உறவுமுறைகளையும் ஒரு காகிதத்தில் எழுதித் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாராம். மற்றப் பிள்ளைகளின் முன்னோரும் அதே கடலைக் கடந்து வந்தவர்கள்தாம். அவர்களுடைய முகச்சாயல் இன்றும் பேரப்பிள்ளைகளின் முகத்தில் இருக்கிறது. யாருக்கு யார் மகன், எந்த ஊர், எந்தக் கிளை என்னும் வரிசைதான் அழிந்துபோயிற்று.

இன்றைய உரை மனிதரின் கொடிவழியைப் பற்றியதன்று. பொருள்களுக்கும் கொடிவழி உண்டு. கணினியில் ஓர் இயந்திரத்தை வடிவமைப்பவர்கள் அக்கொடிவழியை எவ்வாறு எழுதி வைத்தார்கள், எவ்வாறு பார்த்தார்கள், எவ்வாறு பிறருக்கு எடுத்து அனுப்பினார்கள் என்பதே நாம் சொல்லப்போகும் வரலாறு. தோட்டத்து மக்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகளுள் பலர் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் பத்து காவானிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கைக்கு வருகின்ற ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் இப்படிப்பட்ட ஒரு கொடிவழி இருக்கிறது.

முதலில் நாம் யாவரும் அறிந்த சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். வெளிக்காட்டுக்குப் பால் வாளியைச் சுமந்து சென்ற அந்த வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தால் என்ன கிடைக்கும்? சட்டம், இரு சக்கரங்கள், சங்கிலி, இருக்கை. சக்கரத்தைப் பிரித்தால் வளையம், குடம், கம்பிகள். குடத்தைப் பிரித்தால் அச்சு, குண்டுகள், மூடிகள். சைக்கிள் பாட்டன், சக்கரம் பிள்ளை, குடம் பேரன், குண்டு கொள்ளுப்பேரன். இந்த உறவுமுறையைத் தாளில் எழுதினால் மேலே ஒரு பெயரும் கீழே வரவரப் பல கிளைகளுமாக விரியும். தலைகீழாக நிறுத்திய மரம் என்று கணினியாளர்கள் இதைச் சொல்வார்கள். நமக்குக் கொடிவழி என்ற நல்ல சொல் இருக்கும்போது நாம் அதையே வைத்துக்கொள்வோம்.

ஆனால் மனிதக் கொடிவழியில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. முப்பதுக்கு மேற்பட்ட சக்கரக் கம்பிகளையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. ஒரு கம்பியை மட்டும் வரைந்து, "இதையே இன்னின்ன இடத்தில் வை" என்று குறித்தால் போதும். மூலக் கம்பியின் நீளத்தைச் சற்றுக் குறைத்தால் எல்லாக் கம்பிகளும் ஒருசேரக் குறைந்துவிடும். இந்த எண்ணத்தைக் கணினித் திரையில் முதன்முதலாகச் செய்து காட்டியவர் ஐவன் சதர்லாந்து என்பவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963-ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வேட்டை அளித்தபோது அவருக்கு வயது 24. ஓர் அறையையே அடைத்துக்கொண்ட டி.எக்ஸ்-2 என்னும் கணினியின் முன் அமர்ந்து, ஒளிப் பேனாவைத் திரையில் வைத்துக் கோடு இழுத்தார். அவர் எழுதிய நிரலின் பெயர் ஸ்கெட்ச்பேட். மூல வரைவு ஒன்று, அதன் படிகள் பல. மூலத்தைத் திருத்தினால் படிகள் யாவும் தாமே திருந்தும். அன்று அது பெரும் வியப்பாக இருந்தது.

எனினும் ஸ்கெட்ச்பேட் வரைந்தது தட்டையான கோடுகளைத்தான். கோடுகளால் ஆன பெட்டி, கம்பியை வளைத்துக் கட்டிய கூண்டு போன்றது. அதற்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. எடை என்ன, துளை எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்டால் அது விடை சொல்லாது. உள்ளீடு நிறைந்த திண்மப் பொருளைக் கணினிக்குப் புரியவைக்க வேறு வழி வேண்டியிருந்தது.

அவ்வழி, பிள்ளைகள் களிமண்ணில் விளையாடுவதை ஒத்தது. நம் பால்மரத்தில் மாட்டும் மங்கை எண்ணிக்கொள்ளுங்கள். அடி குறுகி வாய் அகன்ற ஒரு கட்டித் துண்டை முதலில் வைக்கிறோம். அதே வடிவில் சற்றுச் சிறிய துண்டு ஒன்றை அதனுள் இறக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறோம். மிஞ்சி நிற்பது மங்கு. ஆகவே மங்கு என்னும் பெயருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள்: கூட்ட வேண்டிய வெளித்துண்டு, கழிக்க வேண்டிய உள்துண்டு. உருளை, கூம்பு, பந்து, பெட்டி ஆகிய சில அடிப்படை வடிவங்களைக் கூட்டியும் கழித்தும், இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் எடுத்தும் எத்தனையோ பொருள்களை உண்டாக்கலாம். பொருள் எப்படிப் பிறந்தது என்ற கணக்கே அதன் கொடிவழியாகிவிடுகிறது.

1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய மேகி என்னும் நிறுவனம் இம்முறையைக் கையாண்டது. அணுக்கதிர் ஒரு திண்மப் பொருளுக்குள் எந்த வழியாகப் புகுந்து செல்லும் என்று கணிப்பதற்காக அதைக் கையாண்டார்கள். அதே முறை பின்னர் 1982-இல் வெளிவந்த டிரோன் என்னும் திரைப்படத்தின் கணினிக் காட்சிகளுக்கும் உதவியது. 1970-களில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வோல்க்கர், ரெக்விச்சா ஆகிய இருவரும் இந்தக் கூட்டல் கழித்தலுக்குச் சரியான கணித அடித்தளம் அமைத்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டு வேறு வழியில் சென்றார். பொருளின் முகங்களையும் விளிம்புகளையும் முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து எழுதிவைப்பது அவர் வழி. இன்று தொழிற்சாலைகளில் உள்ள பெரிய நிரல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியின் வாரிசுகள்.

நாம் சற்று நின்று பார்க்க வேண்டியது அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் நடந்ததை. மேரிலாண்டில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சுருக்கி பி.ஆர்.எல். என்பார்கள். அங்கே அவர்களுடைய வேலை, டாங்கி வண்டியின்மீது குண்டு பாய்ந்தால் எந்த உறுப்பு அழியும் என்று கணிப்பது. போர்க்காரியம்தான்; அதை நாம் புகழ்வதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்வியே கொடிவழியைக் கட்டாயமாக்கிற்று. குண்டின் பாதையில் கணினி ஒரு கதிரைச் செலுத்தும். அது முதலில் கவசத்தைத் துளைக்கிறது, பின்பு எண்ணெய்த் தொட்டியை, பின்பு ஓட்டுநர் இருக்கையை. வெறும் வடிவம் மட்டும் இருந்தால், "ஏதோ ஓர் இரும்பைத் துளைத்தது" என்றுதான் கணினி சொல்லும். துளைபட்டது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எந்த உறுப்பு என்று சொல்ல வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் பெயரும் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே பணியாற்றிய மைக் மூஸ் என்னும் இளைஞர் 1979-இல் இந்த வேலையைத் தொடங்கினார். பி.ஆர்.எல்.-கேட் என்று பெயர்பெற்ற அந்த நிரல் 1984-இல் வெளியாருக்கும் வழங்கப்பட்டது. 2004-இல் யார் வேண்டுமானாலும் பெற்றுப் பார்க்கவும் திருத்தவும் உரிய பொதுச்சொத்தாக அதைத் திறந்துவிட்டார்கள். மூஸ் அதைக் காணவில்லை. 2000-ஆம் ஆண்டில் சாலை விபத்தொன்றில் இறந்துபோனார். ஒரு கணினி மற்றொரு கணினியை "இருக்கிறாயா?" என்று விசாரிக்கும் பிங் என்ற சிறு நிரலை 1983-இல் எழுதியவரும் இவரே. இணையம் வேலை செய்யவில்லை என்று நம் வீட்டுக்கு வரும் பணியாளர் இன்றும் அதைத்தான் முதலில் தட்டிப் பார்க்கிறார்.

அந்த நிரலில் ஒரு சிறிய கட்டளை உண்டு. ட்ரீ, அதாவது மரம் என்று தட்டி, பக்கத்தில் பொருளின் பெயரைக் கொடுத்தால், அப்பொருளின் கொடிவழி முழுவதும் வரிவரியாகத் திரையில் விழும். பெற்றோர் இடப்புறம் ஒட்டி நிற்பார். பிள்ளைகள் சற்று உள்தள்ளி நிற்பார்கள். பேரர்கள் இன்னும் உள்ளே. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் அடையாளம்: சேர்ப்பதற்கு யூ என்ற எழுத்து, கழிப்பதற்கு ஒரு சிறு கோடு, பொதுப்பகுதிக்குக் கூட்டல் குறி. பொதுப்பகுதிக்குக் கூட்டல் குறியை வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கணக்குப் பாடம் நடத்துகிற நமக்கு அது பெருந்தொல்லை. எத்தனை தலைமுறை வரை இறங்க வேண்டும் என்று அளவு சொல்லலாம். திரையில் காட்டாமல் ஒரு கோப்பில் எழுதிக்கொடு என்றும் சொல்லலாம். அப்படி எழுதிய கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. எந்தக் கணினியிலும் திறக்கும், தாளில் அச்சாகும், தபாலிலும் போகும். இதையே ஏற்றுமதி என்கிறார்கள். பினாங்குத் துறைமுகத்தை அறிந்த நமக்கு அச்சொல் புதிதல்ல.

பினாங்கு என்றதும், அங்கே அதே ஆண்டுகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1960-களின் இறுதியில் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகச் சலுகையை இழந்தது. ஜார்ஜ் டவுனில் வேலையில்லாத் திண்டாட்டம் பெருகிற்று. 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தார். 1972-இல் பாயான் லெப்பாசில் வரியற்ற தொழில் வட்டாரம் தொடங்கியது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. நெல் வயல்களாக இருந்த நிலம் சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாறியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துகளில் வேலைக்குச் சென்றார்கள். செபராங் பிறையின் தோட்டங்களிலிருந்து சென்ற நம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற குடும்பத்தின் மகள், இரவு முறைக்கு வெள்ளை அங்கி அணிந்து உருப்பெருக்கியின் முன் அமர்ந்தாள்.

அவள் கையில் வந்தது ஒரு சில்லு. அதில் ஒரு நுண்கம்பியை ஒட்டுவது அவள் வேலை. அது எந்தப் பொருளின் பிள்ளை, எந்தப் பேரப் பொருளுக்குள் போய்ச் சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வடிவமும் அளவும் பினாங்குக்கு வந்தன. கொடிவழி கலிபோர்னியாவிலேயே தங்கிவிட்டது. பால் வெட்டிய நம் முன்னோரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். வாளியில் விழுந்த பால் எந்த நாட்டில் எந்த வண்டியின் சக்கரமாகும் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள்? பின்னாளில் வடிவமைப்பு வேலைகளும் பினாங்குக்கு வந்தன. பெரிய நிறுவனங்களுக்கு அச்சுகளும் பிடிகருவிகளும் செய்துகொடுத்த சிறு பட்டறைகள் வளர்ந்தன. 1989-இல் பினாங்குத் தொழில்திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. கொடிவழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயும் தேவைப்பட்டார்கள்.

ஆனால் கொடிவழியை ஒரு நிரலிலிருந்து மற்றொரு நிரலுக்கு எடுத்துச் செல்வது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையில் எழுதிவைத்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. 1980-இல் ஐஜெஸ் என்னும் பொதுமுறையை அமெரிக்காவில் வெளியிட்டார்கள். கோடுகளும் வளைவுகளும் பரப்புகளும் அதில் ஓரளவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பொருளின் உள்ளமைப்பு பெரும்பாலும் போகவில்லை. 1987-இல் எஸ்.டி.எல். என்ற மற்றொரு முறை வந்தது. ஒளியால் பிசினை இறுக்கிப் படிப்படியாகப் பொருளை அச்சிடும் இயந்திரத்துக்காக உண்டாக்கப்பட்டது அது. பொருளின் மேற்பரப்பு முழுவதையும் சிறுசிறு முக்கோணங்களாக நறுக்கி எழுதும். அச்சு இயந்திரத்துக்கு அதுவே போதும். ஆனால் மங்கை எஸ்.டி.எல்.-ஆக அனுப்பினால், அங்கே போய்ச் சேர்வது ஒரு முக்கோணக் குவியல். வெளித்துண்டு, உள்துண்டு, கழித்தல் எதுவும் அதில் இல்லை. முகச்சாயல் இருக்கும், வம்சம் இராது. நம் பிள்ளைகள் கொண்டுவந்த மூன்று படித் தாள்களை நீங்கள் நினைத்துக்கொண்டால் சரி.

உலக நாடுகள் பல சேர்ந்து உழைத்து 1994-இல் ஸ்டெப் என்னும் பன்னாட்டுத் தரமுறையை வெளியிட்டன. ஐ.எஸ்.ஓ. 10303 என்பது அதன் எண். எந்த உறுப்பு எந்த உறுப்பைச் சேர்ந்தது, எத்தனை படிகள், என்ன பெயர் என்பவற்றை அது சுமந்து செல்லும். அதிலும் ஒரு குறை உண்டு. 1988-இல் வந்த புரோ-எஞ்சினியர் முதலிய நிரல்கள் பொருளை வடித்த வரலாற்றையும் வரிசையாகக் காத்துவைக்கும்: முதலில் இந்தக் கட்டி, பிறகு இந்தத் துளை, அதன்பின் இந்த விளிம்பை மழுக்கியது என்று. அந்த வரலாறு வழக்கமான ஸ்டெப் கோப்பில் ஏறுவதில்லை. உறுப்பினர் பட்டியல் வந்து சேரும். அவர்கள் வளர்ந்த கதை வராது.

இதனால் ஏற்படும் தொல்லை என்ன என்பதை நம்மிடம் படித்த ஒரு மாணவனே வந்து சொன்னான். பிறைப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை. வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பிடிகருவியின் உருவத்தை முக்கோணக் குவியலாக அனுப்பிவிட்டு, பத்து உருப்படிகள் செய்யச் சொல்லிவிட்டார். திரையில் பார்த்தால் ஒரே வார்ப்பைப்போல இருந்தது. உண்மையில் அது ஏழு துண்டுகள் கொண்டது. இரண்டு துண்டுகள் தேய்ந்தால் கழற்றி மாற்றத்தக்கவை. எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று கணினியால் சொல்ல முடியவில்லை. முதலாளி அவசரப்படுத்தினார். ஒரே கட்டியாக வெட்டி அனுப்பினார்கள். பத்தும் திரும்பி வந்தன. இரும்பின் விலையில் ஒரு பகுதியை மாணவன் சம்பளத்தில் பிடித்தார்களாம். "உருவத்துல ஒரு மயிரிழை கூட தப்பில்ல சார். ஆனா பொருளே தப்பு" என்றான். அப்போது நாம் அவனிடம் கேட்டோம்: "அதனோட உறுப்புப் பட்டியல மட்டும் எழுத்துல கேட்டிருந்தா அனுப்பியிருப்பாங்களாடா?" அவன் சற்று யோசித்து, "ஒரு பக்கம்தான் சார் வந்திருக்கும். கேக்கணும்னு தோணல" என்றான். இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறானாம்.

அவனே ஒரு பள்ளி விடுமுறையில் நம் பள்ளிக்கு வந்து, பழைய கணினி ஒன்றில் பி.ஆர்.எல்.-கேட் நிரலை ஏற்றிக்கொடுத்தான். இலவசமாகக் கிடைப்பதும், பழைய கணினியிலும் ஓடுவதும் நமக்குப் போதுமான காரணங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து, மரத்தில் மாட்டிய மங்கை அதில் வடித்தார்கள். பால்மரத்தைப் பார்த்திராத பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடுகளும் ஆலைகளும் வந்துவிட்டன. ஆதலால் பள்ளி அலமாரியில் இருந்த பழைய மங்கு ஒன்றையும் துருப்பிடித்த கம்பி ஒன்றையும் எடுத்துவைத்து அளந்தார்கள். மரத்துக்கு ஓர் உருளை. மங்குக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்த இரு கூம்புகள். மங்கைத் தாங்கும் கம்பி வளையம். வளையத்தை மரத்தோடு கட்டும் கம்பி. திரையில் அது திரும்பித் திரும்பி நின்றபோது பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பிறகு ட்ரீ கட்டளையைத் தட்டி, கொடிவழியைக் கோப்பில் எழுதி, பெயர்களைத் தமிழில் மாற்றி, ஒரு தாளில் அச்சிட்டோம். மொத்தம் எட்டே வரிகள்.

அந்தத் தாளை ஒரு சிறுமி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவளுடைய பாட்டியார் நெடுங்காலம் பால் வெட்டியவர். அந்நாளில் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக்கூட்டிப் படிப்பார். கணினியின் பக்கம் போனவரல்லர். மறுநாள் காலையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். தாளை நம்மிடம் நீட்டி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"மரம் இருக்கு. மங்கு இருக்கு. கம்பி இருக்கு. தகரம் எங்க வாத்தியாரே?"

நமக்கு முதலில் விளங்கவில்லை.

"வெட்டின கோட்டுக்குக் கீழ ஒரு தகரத்த அடிச்சு வெப்போமே, அதுவழியாத்தானே பால் மங்குக்குள்ள விழும்? அது இல்லாட்டி பால் பூரா மரத்துலயே வழிஞ்சு வேருக்குப் போயிடும். அப்புறம் தண்டல் வந்து யாரை ஏசுவான்?"

அலமாரியில் தகரம் இல்லை; ஆகையால் பிள்ளைகளின் கணக்கிலும் தகரம் இல்லாமற் போயிற்று. திரையில் அந்த உருவத்தைப் பலமுறை சுழற்றிப் பார்த்த நாமும் அதைக் கவனிக்கவில்லை. பாட்டியாரை உள்ளே அழைத்து நாற்காலியில் அமர்த்தினோம். தகரம் எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவு, மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க, அவர் விரலை மடக்கிக் காட்டிக்கொண்டே வந்தார். மங்குக்கு எவ்வளவு மேலே தகரம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்கும் பேத்திக்கும் சிறிது வாக்குவாதம். மரத்துக்கு மரம் மாறும் என்பது பாட்டியின் கட்சி. கடைசியில் அச்சிட்ட தாளில் ஒன்பதாவது வரியாகத் தகரம் ஏறிற்று. அந்தத் தாளைத் தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் புறப்பட்டார்.